கொஞ்சம் முடியலையாம்

அவர் வாயில் யாரும் சாகமாட்டார்கள். எங்களோடு வருடக்கணக்காக மிருதங்கம் அடித்தவராக இருக்கட்டும், மார்கழிக் குளிரில் முன்னால் நின்று பாடியவராக இருக்கட்டும், அவர் போய்ச் சேர்ந்த சேதி போனில் ஒரே மாதிரிதான் வரும். "தம்பி, அவருக்குக் கொஞ்சம் முடியலையாம். ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துடுங்க." மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டால், "சிக்னல் சரியில்ல தம்பி" என்று வைத்துவிடுவார். அது பழைய பட்டன் போன். மற்றவர் போன் எடுக்காத இடத்தில்கூட அது எடுக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சேதி சொல்வதுதான் சங்கத்தில் அவருடைய பொறுப்பு. புதுச்சேரியிலும் சுற்றுப்பக்கத்திலும் இருக்கிற பஜனைக் கோஷ்டிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் எங்களுடையது. முழுக்க ஆண்கள். நெல்லித்தோப்பில் எங்கள் கோஷ்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் ஒன்று, கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவர்கள் கோஷ்டி, முதலியார்பேட்டையில் மூடிப்போன மில்லின் பழைய தொழிலாளிகள் கோஷ்டி. அவர் இந்தக் கடைசிக் கோஷ்டி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் ஊர்ப் பஜனைக் கோயிலில் கூடுவோம். பாடுவது கொஞ்சம், பேசுவது நிறைய. பெண்கள்தான் ஊர்வம்பு பேசுவார்கள் என்கிறவர்கள் எங்கள் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

மங்களம் பாடிவிட்டால் ஆளாளுக்குச் சுண்டலைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்பதால், மங்களத்துக்கு முன்னால் சங்கச் சேதி சொல்லும் வழக்கம் வைத்திருந்தோம். அவர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எந்தக் கோஷ்டி ஆர்மோனியத்தில் காற்றுப் போகிறது, மாசி மகத்தன்று கடற்கரையில் யார் முதலில் பாடுவது என்று போன வருடம் முறைத்துக்கொண்டவர்கள் இப்போது பேசுகிறார்களா இல்லையா, எல்லாம் வரும். நல்ல சேதி என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. அடுத்த கோஷ்டிக்காரர் மகன் பரீட்சையில் பாஸ் செய்ததை, ஏதோ பக்கத்தில் உட்கார்ந்து தானே எழுதிக்கொடுத்த மாதிரி சொல்வார். கெட்ட சேதி வரும்போது மட்டும் குரல் இறங்கி, கண் தரைக்குப் போய், அந்த வாக்கியம் வரும். கொஞ்சம் முடியலையாம்.

இப்போது அந்த வேலையை வாட்ஸப் செய்கிறது. படம், படத்துக்கு ஒரு மாலை, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். போன வருடம் அவர் போன சேதியே அப்படித்தான் வந்தது. சேதராப்பட்டில் ஃபேக்டரி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். இந்த மனிதரை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம் என்று நினைத்தேன்.

திட்டினோம் என்றால் சும்மா இல்லை. சங்கத்தில் ஒருவர் போய்விட்டால் எல்லாக் கோஷ்டியும் வந்து, உடலைத் தூக்கும் வரைக்கும் முன்னால் நின்று பாடவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்குச் சேதி சரியாக வந்தாகவேண்டும். அப்போது நான் சங்கத்துக்குப் புதிது. அரியாங்குப்பத்து மிருதங்கக்காரருக்கு முடியலையாம் என்று ஒரு நாள் இவர் போன் செய்தார். எங்கள் தலைவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். சொல்தாவுக்கு எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கினார். பாலம் தாண்டி, தெருவில் திரும்பினால் பந்தல் போட்டிருக்கிறது. மேளம் அடிக்கிறார்கள். மிருதங்கக்காரர் மாலையோடு பெஞ்சில் கிடக்கிறார். சொல்தா ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்தார். சாத்துக்குடிப் பையை என்னிடம் தள்ளினார். நான் அதை எங்கே மறைப்பேன்? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு கையில் பழப்பையோடு நின்றேன்.

இவர் கூட்டத்தின் ஓரமாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்த வீட்டு அம்மா மயங்கி விழுந்தபோது யாரோ வெந்நீர் கேட்டார்கள். அந்த ஹார்லிக்ஸைத்தான் கலக்கிக் கொடுத்தார்கள். "பாத்தியா, வீணாப் போவல" என்றார் இவர் என்னிடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் உஷாரானோம். அவர் எதைச் சொன்னாலும் ஒரு படி கூட்டிக்கொள்வது என்று எல்லாக் கோஷ்டியும் பேசாமலே முடிவு செய்துகொண்டது. லேசாக ஜுரம் என்றால் ஆஸ்பத்திரி. முடியல என்றால் ஆள் இல்லை. கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, குப்பத்துப் பெரியவர் விஷயம் வரைக்கும். குப்பத்துக் கோஷ்டிக்கு முன்பாட்டுப் பாடுகிறவர் அவர். கட்டுமரம் ஏறிப் பழகிய உடம்பு. அவருக்குக் கொஞ்சம் முடியலையாம் என்று போன் வந்ததும் நாங்கள் ரோஜா மாலை, ஜால்ரா, மிருதங்கம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் இறங்கினோம். அவர் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஜுரம்தான். எங்களைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வந்ததே வந்துட்டீங்க, ஒரு பாட்டுப் பாடுங்கடா, எப்புடிப் பாடுவீங்கன்னு நானும் கேட்டுக்கறேன்" என்றார்.

வேறு வழி? பாடினோம். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தச் சுருதியில என்னைத் தூக்குனீங்கன்னா பாதி வழியிலயே எழுந்து வந்துடுவேன்." மாலையை அவர் வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

அந்த மாதக் கூட்டத்தில் சொல்தா எழுந்து நின்று சத்தம் போட்டார். "ஜுரம்னா ஜுரம்னு சொல்லு. சாவுன்னா சாவுன்னு சொல்லு. இதுல என்னய்யா வெக்கம்? எங்க, இப்பச் சொல்லு பாப்போம்." பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றார் அவர். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மங்களம் ஆரம்பித்துவிட்டோம். பின்பாட்டில் அவர் குரல் வழக்கம்போல எல்லோருக்கும் அடியில் வந்தது. அவர் ஒருநாளும் முன்பாட்டுப் பாடியதில்லை.

அன்று அவருடைய மொபெட்டின் பின்னால்தான் திரும்பினேன். ஆற்றுப் பாலத்து ஓரம் வண்டியை நிறுத்தினார். நான் கேட்காமலே சொன்னார்.

"மொதக் கொழந்தை பொறந்து நடக்க ஆரம்பிச்சிருந்துது தம்பி. நான் மில்லுல தறியில நிக்கறேன். அங்க பக்கத்துல பேசினாலே கேக்காது. ஆபீஸ்லருந்து ஒருத்தன் ஓடியாந்து என்னமோ கத்தறான். நான் என்னன்னு கேக்கறேன். மறுபடி கத்தறான். எனக்குக் கேக்கவேயில்ல. யாரோ மெஷினையெல்லாம் நிறுத்திட்டாங்க. அவன் அது தெரியாம அதே கத்தலா மறுபடியும் கத்திட்டான். உம்புள்ள செத்துடுச்சுன்னு. அத்தினி பேரும் திரும்பி என்னையப் பாக்கறாங்க." வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "ஊட்டுக்குப் போயிச் சேர்ற வரைக்குமாச்சும் அது எனக்கு உசுரோட இருந்திருக்கும்ல? அந்த வழிய அவன் புடுங்கிக்கினான். நான் யாருகிட்டேருந்தும் புடுங்க மாட்டேன் தம்பி. வையட்டும், பரவால்ல."

அன்றிலிருந்து நான் அவரைத் திட்டுவதை விட்டேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். விடவில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்று மனதுக்குப் பட்டது. ஆனாலும் சேதி சொல்கிற மனிதனுக்கு இது ஆகாது என்றும் பட்டது. இன்றைக்கும் இரண்டுமே எனக்குள் இருக்கின்றன. ஒன்றை ஒன்று ஜெயிக்கவில்லை.

கடைசிக் காலத்தில் அவர் சங்கச் சேதி சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருவார், பின்பாட்டுப் பாடுவார், மங்களத்துக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அது அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி, போனதற்கு அப்புறம்.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அதிக நாள் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் வெளியே வந்து அண்ணியிடம், "கொஞ்சம் புண்ணாம், மாத்திரைல ஆறிடுமாம்" என்றார். அண்ணி தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும். என் மனைவி பார்க்கப் போயிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம், "அவரு சொல்றத நான் நம்பற மாதிரி இருந்தாத்தான் அவரு ஒரு வாய் சோறு துன்றாரு. இல்லன்னா அதுவும் இல்ல."

ஒரே மகன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரிஸுக்குப் போய்விட்டவன். அங்கே ஏதோ ஓட்டல் சமையலறையில் வேலை. அவன் வந்து அம்மாவைப் பார்க்கவேண்டும், அண்ணிக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். சொல்தாவும் நானும் வீட்டுக்கே போய் உட்கார்ந்தோம். "இதுல வெளையாடாதய்யா. புள்ளைக்கு உள்ளதைச் சொல்லு, ஓடியாந்துடுவான்" என்றார் சொல்தா. அவர் எங்கள் எதிரிலேயே போன் போட்டார். மகன் எடுத்தான்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலடா. லீவு கெடைக்கறப்ப வா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாங்களாவது ஒரு படி கூட்டிக்கொள்ளப் பழகியிருந்தோம். வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? வீட்டில் தலைவலிக்கும் இதைத்தானே சொல்வார். மாசி மகத்துக்கு வருகிறேன் என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. மாசிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

நான் போனைப் பிடுங்கப் போனேன். சொல்தா என் கையைப் பிடித்துவிட்டார். "பெத்தவன் சொல்லணும். நாம சொல்லக்கூடாது" என்றார். அவருக்கு எதிலும் முறை.

கடைசியில் அண்ணியே என் மனைவியின் போனை வாங்கிப் பேசினாள். "டேய், மாசி வரைக்கும் நான் இருக்க மாட்டேன். இப்பக் கெளம்பு." அவ்வளவுதான் சொன்னாளாம். அவன் கிடைத்த டிக்கெட்டில் ஏறிவிட்டான். அவன் ஆகாயத்தில் வந்துகொண்டிருந்தபோது, காலையில், அண்ணி போய்விட்டாள்.

எங்களுக்கெல்லாம் போன் வந்தது, அதே வாக்கியத்தோடு. சொந்த மனைவிக்கும் அதேதான்.

எல்லாக் கோஷ்டியும் வந்து சேர்ந்தது. தெருவில் பந்தல். உள்ளே அண்ணி, மஞ்சள் பூசி, பூவைத்து. மகன் வந்து முகம் பார்த்தபின் எடுப்பதென்று முடிவு. சொல்தா ஆர்மோனியத்தில் சுருதி கேட்டார். முதல் பாட்டை எடுக்கப் போகிற நேரத்தில் அவருடைய பட்டன் போன் அடித்தது. மகன்தான். சென்னையில் இறங்கி, டாக்ஸியில் ஏறி, டிரைவர் போனிலிருந்து பேசுகிறான்.

அவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொன்னார்.

"தூங்கறாடா. நீ பாத்து வா" என்றார் போனில். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, எழுந்து உள்ளே போனார். அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "இந்தா பேசு. அவளால பேச முடியாது, கேப்பா" என்று சொல்லிவிட்டு, போனை அவள் காதில் வைத்தார்.

அந்தச் சின்னப் போனுக்குச் சத்தம் அதிகம். வாசலில் நின்றிருந்த எனக்கே கேட்டது. "அம்மா, நான்தாம்மா. செங்கல்பட்டுக்கிட்ட வந்துட்டேன். உனக்குக் கம்பளிச் சட்டை எடுத்தாந்துருக்கேன். போடமாட்டேன்னு சொல்லாத, ஆசைக்கு ஒரு தடவை போட்டுக்காட்டணும். சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துடுச்சும்மா."

பெண்களில் ஒருத்தி விசும்பினாள். அவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேளக்காரர்களைத் தெருக்கோடிக்கு அனுப்பினார். ஜால்ரா கையில் இருந்தால் தானாகவே ஒலிக்கும். இரண்டு தட்டுக்கும் நடுவில் துண்டைச் செருகிக்கொண்டேன். எங்கள் மிருதங்கக்காரன் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். எங்கள் பையன் ஒருவன் சங்க வாட்ஸப்பில் போட அண்ணி படத்தை எடுத்து வைத்திருந்தான். "போடாத தம்பி, அவன் ஸ்நேகிதப் பசங்க பாத்துட்டு அவனுக்குச் சொல்லிடுவாங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை ஆண்கள், எதற்கு வந்தோமோ அதைச் செய்யமுடியாமல், வெயிலில் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

போன் வைத்ததும் அண்ணியின் தங்கை அவர்மேல் பாய்ந்தாள். "எங்கக்காவுக்கு அழக்கூட உடமாட்டியா நீ? அவ என்ன நாயா, சத்தமில்லாமப் போறதுக்கு?" "வந்துடட்டும்மா. வழியில அவன் ஒண்டியா இருக்கான்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

மறுபடி போன் வந்தது. திண்டிவனம் தாண்டிவிட்டானாம். மறுபடி காதில் வைத்தார். "அம்மா, முழிச்சிருக்கியா? இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா." அவனுக்குச் சந்தோஷம். குரலிலேயே தெரிந்தது. அண்ணியின் காதுத்தோடு போனில் பட்டு லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

டாக்ஸி தெருமுனையில் நின்றது. இறங்கினவன் எங்களைப் பார்த்தான். பஜனைக்காரர் மகன் அவன். எல்லாக் கோஷ்டியும் ஜால்ராவோடு ஒரு வீட்டு வாசலில் நின்றால் என்ன அர்த்தம் என்பதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை. பெட்டியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு வந்தான். அவர் எதிரே போய் அவன் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் முடியலடா" என்றார்.

"எப்பலேருந்துப்பா?"

"காலையிலேருந்து."

அவன் அவரையே பார்த்தான். "அப்ப நான் பேசினது?"

"காதுலதான்டா வெச்சேன்."

கையை உதறிக்கொண்டு உள்ளே போனான். கத்துவான், அவரை ஏதாவது சொல்வான் என்று நாங்கள் பயந்தோம். அவன் அழக்கூட இல்லை. அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டான். பூவை ஒதுக்கிவிட்டு, வாயை அவள் காதோடு வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"அம்மா, நான்தாம்மா. செங்கல்பட்டுக்கிட்ட வந்துட்டேம்மா. கம்பளிச் சட்டை எடுத்தாந்துருக்கேம்மா..."

அவன் நிறுத்தவில்லை. சட்டையைச் சொன்னான், பல் விழுந்ததைச் சொன்னான், திண்டிவனத்தைச் சொன்னான். முடித்துவிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி முகத்தை உற்றுப் பார்த்தான். மறுபடியும் குனிந்து, "அம்மா, நான்தாம்மா" என்றான்.

அவர் போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"வேணாம்டா. அவ கேக்கமாட்டாடா." அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "செத்துட்டாடா. உங்கம்மா காலையிலயே செத்துட்டாடா."

அவன் திரும்பி அவர் மடியில் விழுந்தான். பெண்கள் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்கள். சொல்தா பாட்டை எடுத்தார். நாங்கள் பாடினோம்.